ஊருக்கேற்ற ரயில்



மீட்டர் பாதையில் வண்டிகள் ஓடிய காலத்தில், கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு நாள்தோறும் சென்று வந்தவன் நான். வயலும் வாழையும் கடந்து முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ரயில் சுகமாகக் கடந்துவிடும். திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கிய பின்னரே தொல்லை தொடங்கும். எஞ்சிய சில கிலோமீட்டரை நெரிசலில் கடப்பதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும். நகருக்குள்ளும் ஒரு ரயில் ஓடலாகாதா என்று ஏங்கினேன். எவ்வகை ரயில் என்ற வினா பிற்பாடுதான் எழுந்தது.

சென்னை மாநகரின் வரலாற்றில் மூன்று வகைகளைக் காண்கிறோம். அங்கு மின்சார டிராம் 1895இல் தொடங்கி 1953இல் நின்றது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடலாயிற்று. 2015இல் மெட்ரோ வந்தது.

மூன்றிலும் எஃகுச் சக்கரமே எஃகுத் தண்டவாளத்தின்மீது உருள்கிறது. ஆதலின் சிறிய ஆற்றலால் பெருஞ்சுமையை இழுக்கலாம். ஆனால் வழுவழுப்பான எஃகில் பிடிப்புக் குறைவு. விரைவு பெறவும் நிற்கவும் தூரம் வேண்டும். எனவே, எத்தனை தூரத்துக்கு ஒருமுறை நிற்பது என்பதே முதற் கேள்வி.

டிராம், சாலையில் பதித்த தண்டவாளத்தில் மெல்லச் சென்று அடிக்கடி நிற்கும்; கூரிய வளைவிலும் திரும்பும். ஆயின் முன்னே ஒரு வண்டி நின்றால் அதுவும் நிற்க வேண்டியதே. மெட்ரோவுக்கு, உயரத்திலோ நிலத்தடியிலோ தனிவழி உண்டு. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் அமையும். மணிக்குப் பல்லாயிரவரை ஏற்றிச் செல்லும். செலவும் மிகப் பெரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை செல்லத்தக்க 'மெட்ரோலைட்' முறைக்கு 2019இல் இந்திய அரசு இலக்கணம் வகுத்தது. புறநகர் ரயிலோ நெடுந்தூரத்துக்கு உரியது.

இனி நம் ஊரைப் பார்ப்போம். மேற்கே நெல்லை நகர், கிழக்கே பாளையங்கோட்டை, நடுவே தாமிரபரணி. 1843இல் சுலோசன முதலியார் பாலம் இரண்டையும் இணைத்தது. இக்குறும் பயணத்துக்கு டிராமோ மெட்ரோலைட்டோ பொருந்தலாம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் மக்களுக்கோ புறநகர் ரயிலே ஏற்றது. அதற்கு வேண்டிய தண்டவாளமோ முன்னரே கிடக்கிறது! தென்காசிப் பாதை 2012இல் அகலப் பாதையாயிற்று. ஆனால் அது ஒற்றைப் பாதை. வயல் வரப்பில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்பதுபோல், ஒரு வண்டிக்காக மற்றொன்று நிலையத்தில் காத்திருக்கிறது.

பாளையங்கோட்டை நிலையமும் திருச்செந்தூர்ப் பாதையில்தான் உள்ளது. சந்திப்பில் நான் இறங்கியதும் அவ்வழியில் ஒரு வண்டி புறப்பட்டிருந்தால், என் முதல் வகுப்புத் தப்பியிருக்கும். ஆகவே, உள்ள பாதையில் வண்டிகள் ஒதுங்கும் இடங்களைப் பெருக்கி, சிறு வண்டிகளை அடிக்கடி விடுவதே முதற் பணி என்பேன்.

நகருக்குள் எது வேண்டும் என்பதை எண்ணிக்கைதான் சொல்லவேண்டும். ஒரு நாள் காலை, ஆற்றுப் பாலத்தருகே ஒரு மணி நேரம் நின்று, கடப்போரை எண்ணிப் பாருங்கள். விடையின் முதல் வரி உங்கள் குறிப்பேட்டிலேயே கிடைக்கும்.