"ஏன் முன்னரே ஓடிப்போகவில்லை?"

நீண்டகாலம் அடி உதைபட்ட ஒருவரோ, அச்சுறுத்தலுக்குப் பணிந்து குற்றம் செய்த ஒருவரோ நீதிமன்றில் எதிரியாக நிற்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது: "ஏன் விட்டுப் போகவில்லை? ஏன் பொலிசில் முறையிடவில்லை?" அச்சத்தின் நடுவே வாழாதவருக்கு இது நியாயமான கேள்வியே. இதற்கு விடை காண மன்றுக்கு உதவுவதே நிபுணர் சாட்சியம். கனடாவின் இரு வழக்குகள் இதனைத் தெளிவாக்குகின்றன.

முதலாவது, லவல்லி வழக்கு. 1986இல் 22 வயதுப் பெண்ணொருவர், தம்மைப் பலமுறை அடித்துக் காயப்படுத்திய துணைவரைச் சுட்டுக் கொன்றார். விருந்தினர் போனபின் அவளைக் கவனித்துக்கொள்வதாக மிரட்டிவிட்டு அவர் அறையைவிட்டு வெளியேறும்போதே பின்தலையில் சூடு விழுந்தது. இது தற்காப்பு ஆகுமா? தொடர்ந்து அடிபடுபவர் தப்ப வழியில்லை என்ற மனநிலைக்குத் தள்ளப்படுவதை உளமருத்துவர் ஒருவர் யூரருக்கு விளக்கினார். யூரர் அவரை விடுவித்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டபோதும், 1990இல் கனடா உயர் நீதிமன்றம் விடுதலையை நிலைநிறுத்தியது. இத்தகைய வாழ்வைச் சாதாரண அனுபவத்தால் மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது என்பதை நீதியரசர் பேர்தா வில்சன் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது, ருசிச் வழக்கு. 1994இல் பெல்கிரேட்டிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் ரொறன்ரோ விமான நிலையத்தில் இரண்டு கிலோ ஹெரோயினுடன் பிடிபட்டார். கொண்டுசெல்ல மறுத்தால் தாய்க்குத் தீங்கு நேரும் என ஒருவன் மிரட்டியதாக அவர் கூறினார். மிரட்டுபவன் அருகில் நிற்கவேண்டும், ஆபத்து உடனடியானதாக இருக்கவேண்டும் என்றது அன்றைய சட்டம். ஆயுதக் குழுக்கள் உலாவிய அந்நகரில் மக்கள் பொலிசை நம்பவில்லை என்பதை நிபுணர் ஒருவர் எடுத்துரைத்தார். அவரும் விடுவிக்கப்பட்டார். உண்மையான தெரிவு இல்லாதவரைத் தண்டிப்பது நீதியன்று என்று கூறி, அவ்விரு நிபந்தனைகளையும் 2001இல் உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது.

நிபுணர் தீர்ப்புக் கூறுபவர் அல்லர். எதிரி குற்றவாளியா, சுற்றவாளியா என்பதை மன்றே முடிவு செய்யும். அவரது கருத்துக்கு அடிப்படையான சம்பவங்களும் வேறு சாட்சியங்களால் நிறுவப்பட வேண்டும். லவல்லி வழக்கில் வைத்தியசாலைப் பதிவுகளும் கண்டவர்களின் சாட்சியமும் துணைநின்றன.

எமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் நிபுணர் கருத்தை ஏற்கின்றது. ஆனால் அச்சுறுத்தலைப் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 87ஆம் பிரிவு, உடனடி மரணம் நேரும் என்ற அச்சத்தையே எதிர்பார்க்கின்றது. கொலைக் குற்றத்துக்கு அது பொருந்தாது. ஆகவே, துன்புறுத்தப்பட்டவர்கள் காயத்தை வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்தல், முறைப்பாட்டின் பிரதியைப் பேணுதல், நடந்ததைத் திகதியுடன் எழுதிவைத்தல், சட்டத்தரணியிடம் எதையும் மறைக்காது கூறுதல் ஆகியவற்றில் தாமதிக்கலாகாது. நிபுணர் பேசுவதற்கும் இவையே ஆதாரம்.