அக்கி: பழைய கொப்புளிப்பானின் மிச்சம்

வேப்பிலைப் படுக்கையில் ஆறிய கொப்புளிப்பான் உடம்பை விட்டு நீங்குவதில்லை. அதன் வைரஸ் முள்ளந்தண்டை ஒட்டிய நரம்புக் கணுக்களில் பல்லாண்டு முடங்கிக் கிடக்கும். முதுமையிலோ நோயிலோ எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால், ஏதோவொரு நரம்பு வழியே தோலுக்கு இறங்கும். முதலில் எரிவு, சில நாளில் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், அநேகமாக விலாவில், பட்டியாகக் கொப்புளங்கள்; இதுவே அக்கி. பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டாது.

வைரஸின் இந்த மறைவாழ்வை 1965இல் விளக்கியவர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப வைத்தியர். பெரிய ஆய்வுகூடக்காரர் அல்ல!

கொப்புளங்கள்மேல் காவியால் அக்கி எழுதுவது வைரஸைத் தடுக்காது. அசைக்ளோவிர் மருந்து தடுக்கும், கொப்புளம் கண்ட 72 மணித்தியாலத்துக்குள் தொடங்குவதே நல்லது. பெரியமடு மக்களே, கண்ணருகே கொப்புளம் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.