தண்ணீர் இல்லாத ஆறு! கரை எல்லாம் கூட்டம்!

அந்த ஆற்றில் குளிக்க முடியாது. மீன் பிடிக்க முடியாது. படகு விட முடியாது. ஏன் என்றால், ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அதில் தண்ணீரே இருக்காது. வெறும் மணல்தான்!

ஆனாலும், காலையிலும் மாலையிலும் அதன் கரைக்கு ஜனங்கள் வருகிறார்கள். நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். குதிரை மேல் வருகிறவர்களும் உண்டு.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற பாலைவன நகரம் இருக்கிறது. அங்கே உள்ள ரில்லிட்டோ ஆறுதான் இது. ரில்லிட்டோ என்றால், ஸ்பானிஷ் மொழியில் "சிற்றாறு" என்று பொருள்.

சீறி வந்த வெள்ளம்

சிற்றாறுதானே என்று எண்ணிவிடக் கூடாது. மலையில் பெருமழை கொட்டினால், சற்று நேரத்தில் அது காட்டாறாக மாறிவிடும்.

1983-ம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் விடாமல் மழை பெய்தது. ரில்லிட்டோவில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் கரையை அரித்துத் தின்றது. ஆற்றோரம் கட்டி இருந்த கட்டிடங்கள் சரிந்து ஆற்றில் விழுந்தன!

ஆனால், சில இடங்களில் சிமெண்டு கலந்த மண்ணால் கரை கட்டி இருந்தார்கள். அந்தக் கரைகள் வெள்ளத்துக்கு ஈடுகொடுத்து நின்றன.

கரையே பாதை

அதன் பிறகு அந்த முறையிலேயே நெடுகக் கரை கட்டினார்கள். மணலையும் சரளையையும் சிமெண்டுடன் கலந்து, அடுக்கு அடுக்காகப் போட்டு, இறுக்கினார்கள். வெள்ளம் பாயும் நிலங்களை, விற்கச் சம்மதித்தவர்களிடம் இருந்து விலைக்கு வாங்கினார்கள். அங்கே மீண்டும் வீடு கட்டவில்லை.

கரையைப் பழுது பார்க்கும் வண்டிகள் போக மேலே வழி விட்டார்கள். அந்த வழிதான் ஜனங்களுக்கு உலாவும் பாதை ஆயிற்று! மற்ற ஆறுகளின் கரைகளையும் சேர்த்து இன்று அதன் நீளம் 130 மைலுக்கு மேல். பெயர் "தி லூப்". பல இடங்களில் பாதை பாலத்துக்கு அடியில் நுழைந்து போகிறது. ஆகவே, வாகனங்களுக்கு அஞ்சிச் சாலையைக் கடக்க வேண்டியது இல்லை. வெள்ளம் வந்தால், அந்த இடங்களை மூடிவிடுவார்கள்.

அபராதம் போல ஒரு சட்டம்

ஓடும் தண்ணீர் 12 அங்குல ஆழம் இருந்தாலே சிறிய காரை இழுத்துக்கொண்டு போய்விடும்! எனவே, 1995-ம் ஆண்டு அரிசோனாவில் ஒரு சட்டம் போட்டார்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தில் கார் ஓட்டி மாட்டிக்கொண்டால், மீட்கும் செலவை ஓட்டியவரே கொடுக்க வேண்டும்.

ஆறு வறண்டு கிடக்கலாம். ஆனால், தன் வழியை அது மறப்பது இல்லை. வழி விட்ட ஊருக்கு அது பூங்கா. வழி மறித்த வீட்டுக்கு அதுவே எமன்!