வெயில் சத்து நெஞ்சைக் காக்குமா?



ஒரு நாள் காலையில் பால்வெட்டுக்கார அக்கா ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிவந்தார்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போதே வலது கை மரத்துப்போய்க் கத்தி நழுவிவிட்டதாம். பேச்சும் குழறியது. பிரஷர் எடுத்துப் பார்த்தேன். 200க்கு 110! உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். நல்லவேளை, சாயங்காலத்துக்குள் கை பழையபடி வந்துவிட்டது. எல்லாருக்கும் அப்படி வராது.

அவர் திரும்பி வந்ததும், "அக்கா, பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கய்யா, நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. லயத்துக்கு மாத்திரை விக்க வந்தவரு, வைட்டமின் டி கொறஞ்சாதான் ரத்தக் குழாய் கெடும், இதச் சாப்பிட்டா பிரஷர் மருந்தே வேணாம்னு சொன்னாரு. ஒரு போத்தல் 90 வெள்ளி."

விற்றவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். எது உண்மை, எது பொய் என்று பார்ப்போம்.

வைட்டமின் டியை வெயில் பட்டால் நம் தோலே தயாரித்துக்கொள்ளும். பிறகு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்தும். சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர்ப்பதுதான் அதன் முக்கியமான வேலை. அது மிகவும் குறைந்தால் பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளையும். பெரியவர்களுக்கு எலும்பு வலிக்கும், தசை பலம் குறையும்.

"வெயில் நாட்டில் இருக்கும் நமக்கா குறையும்?" என்று கேட்பீர்கள். குறையும். விடியுமுன்பே வெட்டுக்குப் போகிறோம். மர நிழலில், செம்பனை மட்டைக்கு அடியில் வேலை. கொசுவுக்கும் முள்ளுக்கும் பயந்து முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. அதிகாலை வெயிலில் இந்தச் சத்து அதிகம் கிடைக்காது. பத்து மணிக்கு மேல் உள்ள வெயிலில்தான் கிடைக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை.

சரி, நெஞ்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மாரடைப்பு, இரத்தக் கொதிப்பு உள்ள பலருடைய இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். அப்படியானால் மாத்திரை கொடுத்தால் நெஞ்சு நோய் குறையுமா என்று சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டியும், மறுபாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2018ல் முடிவு வெளிவந்தது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017ல் வெளிவந்த நியூசிலாந்து ஆராய்ச்சியிலும் இதே கதைதான். அங்கே சத்துக் குறைவாக இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை.

ஏன் இப்படி? வேரில் நோய் கண்ட பால்மரத்தில் இலை வாடும். இலைக்கு மட்டும் தண்ணீர் தெளித்தால் வேர் குணமாகுமா? நோயாளி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார், வெயில் படுவதில்லை. உடம்பு பெருத்தவர்களுக்கும் இந்தச் சத்து இரத்தத்தில் குறைவாகவே தெரியும். ஆக, சத்துக் குறைவு பல நேரத்தில் நோயோடு சேர்ந்து வருகிறதே தவிர, அதைச் சரிசெய்தால் மட்டும் நெஞ்சு நோய் விலகுவதில்லை.

அதற்காக வைட்டமின் டி வேண்டாம் என்று சொல்லவில்லை. எலும்புக்கு அது அவசியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், 65 வயதைத் தாண்டினால் 800 யூனிட் போதும். டின் சார்டின், கெம்போங் மீன், முட்டை மஞ்சள் கரு, சத்துச் சேர்த்த பால்மாவு இவற்றில் கிடைக்கும். ஓய்வு நாளில் கை கால் தெரியச் சிறிது நேரம் வெயிலில் நில்லுங்கள். தோல் சுடுகிற வரை நிற்க வேண்டாம். எலும்பு வலி, உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவரே மாத்திரை கொடுப்பார். அளவுக்கு மீறி விழுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தி, தீராத தாகம், சிறுநீரகக் கல் என்று புதுத் தொல்லை வரும்.

நெஞ்சைக் காப்பது எது? பிரஷர் மாத்திரை, இனிப்புநீர் மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுவது. சிகரெட்டை விடுவது. கருவாடு, ஊறுகாயைக் குறைப்பது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் 2023ல் எடுத்த கணக்கில், பெரியவர்கள் 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு இரத்தக் கொதிப்பு. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாமலேயே அது இருக்கும். பார்த்தால்தான் தெரியும். 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். தானாகச் சரியானாலும் சும்மா இருக்காதீர்கள். உடனே 999க்குப் போன் செய்யுங்கள்.

அந்த அக்கா இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். மாதம் ஒரு முறை வந்து கையை நீட்டுகிறார். 90 வெள்ளி போத்தல் என் மேசையில்தான் இருக்கிறது. நீங்களும் வந்து கையை நீட்டுங்கள். பிரஷர் பார்க்கக் காசு வேண்டாம்.