பேதியின்போது தண்ணீரை நிறுத்தலாமா?

தண்ணீர் கொடுத்தால் பேதி இன்னும் கூடிவிடும் என்று அஞ்சி, நோயாளிக்கு எதையும் குடிக்கத் தராமலே அழைத்து வரும் குடும்பத்தினரை நாங்கள் காண்கிறோம். அக்கறையால் எழும் அந்த அச்சமே சில வேளைகளில் உயிருக்கு ஆபத்தாக முடிகிறது. காலராக் கிருமியின் நச்சு குடலில் என்ன செய்கிறது என்பதை அறிந்தால் இது விளங்கும்.

காலரா சென்னைக்குப் புதிதன்று. 1992-இல் அதன் புதிய வகையான ஓ139 முதன்முதலில் வெளிப்பட்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று. மயிலாப்பூரோ அடையாறோ, குடிநீரில் கழிவுநீர் கலக்கும் இடத்தில் அது பரவக்கூடும்.

இக்கிருமி குடற்சுவரை அரிப்பதில்லை. அது வெளியிடும் நச்சே நோயை உண்டாக்குகிறது. கொல்கத்தாவில் சம்புநாத் தே 1959-இல் இதை நிறுவினார். நச்சின் ஒரு பகுதி குடற்சுவரின் செல்லைப் பற்றிக்கொள்ள, மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, மூட முடியாத குழாயைப் போல உப்பு வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் பாய்கிறது. பேதி, அரிசி களைந்த நீர்போல் வெளியேறும். நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வரை இழக்க நேரிடும். அப்போது இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் பழுதுபடலாம்.

ஆயினும் சர்க்கரையும் உப்பும் இணைந்து உடலுக்குள் செல்லும் வழியை அந்நச்சு அடைப்பதில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல் அவ்வழியாகவே நீரை உள்ளே சேர்க்கிறது. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதைக் கொடுத்தபோது, நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது.

எனவே, 1 லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் கரைத்து, ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, சிறு கரண்டியால் மெல்லப் புகட்டுங்கள். 24 மணி நேரத்திற்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காவிடில், 1 லிட்டர் நீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டா. குளிர்பானங்கள் பேதியைக் கூட்டும்.

இக்கரைசல் பேதியை உடனே நிறுத்தாது; இழந்த நீரை ஈடுசெய்து உயிரைக் காக்கும். கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, குடிக்க இயலாமற்போனாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வரும் வழியிலும் முடிந்தவரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.