"அம்மப்பா, நீங்களும் அசைலத்திலயா இருந்தனீங்கள்?"

இல்ஃபோர்டில் எங்கட வீட்டிலிருந்து குட்மேஸ் மருத்துவமனை நடக்கிற தூரம்தான். போன கிழமை பள்ளிக்கூடத்தில் உள்ளூர் வரலாறு படித்துவிட்டு வந்த மகள், அது 1901-இல் 'வெஸ்ட் ஹாம் பரோ அசைலம்' என்ற பெயரில் மனநோயாளருக்காகத் திறந்த இடம் என்றாள். பிறகு என் அப்பாவைப் பார்த்து, "அம்மப்பா, அசைலம் எண்டு நீங்களும் சொல்லுறனீங்கள்தானே, அங்கயா இருந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

"அசைலம் அடிச்சது" என்பது எங்கட வீடுகளில் சாதாரணப் பேச்சு. ஆனால், அதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் விளக்குவதில்லை. சின்ன வயதில் வகுப்பில் அந்தச் சொல் வந்தால் தலையைக் குனிந்துகொண்டவள்தான் நானும்.

அன்றிரவு மகளுக்குச் சொன்னேன். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'பறித்தெடுக்க முடியாதது' என்று பொருள். கோயிலுக்குள் ஓடிப்போய் நின்றவரை வெளியே இழுக்கக்கூடாது என்பது அங்கே பழைய வழக்கம். பிற்காலத்தில் மனநோயாளரை வைத்துப் பார்க்கும் இடத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அப்பா, தான் வந்த 1987-ஐப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த வருசம் ஹாரிச் துறைமுகத்தில், 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில், தஞ்சம் கேட்டு வந்த தமிழர்களை அரசாங்கம் தடுத்து வைத்திருந்தது. ஒக்டோபர் 16 அதிகாலை அடித்த பெரும்புயலில் கட்டறுந்து கப்பல் தரைதட்டியது. "தஞ்சம் எண்டு வந்த சனம், அதையும் காத்து அடிச்சுக்கொண்டு போச்சுது" என்றார்.

"அப்ப உங்களை ஆர் பாத்தது?" என்றாள் மகள்.

இல்ஃபோர்டில் ஒரு அண்ணை முன்னறையில் மெத்தை போட்டுக் கொடுத்த கதையை அன்றைக்குத்தான் நானும் கேட்டேன். வேலை கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கு ஒரு சதமும் வாங்கவில்லையாம்.

தமிழில் இதற்கு அடைக்கலம் என்ற சொல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என்றே ஒரு பகுதி உண்டு. மதுரையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் ஒப்படைப்பார். அங்கே அடைக்கலம் என்பது வீடு அல்ல, கண்ணகிதான். அவளைக் காப்பது மாதரியின் பொறுப்பு.

உங்கட அம்மா அப்பாவையும் இங்கே யாரோ ஒருவர் அப்படிப் பொறுப்பெடுத்திருப்பார். அது யாரென்று, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கோ.