எண்பதாயிரம் பேர் எதற்கு?



"ஒரு பரிசோதனை உயிரைக் காக்கிறதா என்று அறிய இத்தனை ஆயிரம் பேரும், இத்தனை வருஷமும், இத்தனை பணமும் வேண்டுமா?" என்று சபையார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நம் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வைக் கொண்டே பதில் சொல்லலாம்.

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ சுகாதார நிலையம், நம் மந்தைவெளிக்கு அருகிலுள்ள அடையாறு புற்றுநோய் நிலையத்தோடும் பிரான்சிலுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் சேர்ந்து, 2000-ல் இவ்வாய்வைத் தொடங்கியது. 114 பகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களுக்குப் பரிசோதனை அளிக்க ஏற்பாடாயிற்று. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறை அது. மற்றப் பிரிவின் 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதிகள் மட்டும் இருந்தன.

இத்தகைய ஆய்வில் முதலில் கணக்கிடுவது ஆட்களை அல்ல, மரணங்களை. இரு பிரிவும் சமமாக இருந்து, இல்லாத பலனை உண்டென்று நம்பிவிடும் அபாயம் நூற்றுக்கு 5 ஆகவும், உள்ள பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 80 ஆகவும் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். மரணம் பாதியாகக் குறையும் என்றால், இரு பிரிவிலும் சேர்த்து சுமார் 65 மரணங்கள் பதிவானால் போதும். 35 சதவீதம் குறையும் என்றால் 170 வேண்டும். 25 சதவீதமே என்றால் 380 வேண்டும். பலன் சிறிதானால் சாட்சியம் அதிகம் தேவை.

அத்தனை மரணங்கள் பதிவாக எத்தனை பேரை எத்தனை வருஷம் கவனிக்க வேண்டும் என்பது அடுத்த கணக்கு. திண்டுக்கல்லில் பரிசோதனை இல்லாத பிரிவில், சுமார் 2,000 பெண்களில் ஒருவர் வீதம் ஆண்டுதோறும் இந்நோயால் இறந்தார். அதனால்தான் எண்பதாயிரம் பேர்! இடையில் வெளியூர் போய்விட்டவரும் வீணல்ல. அவரைக் கவனித்த காலம் கணக்கில் சேரும். ஒரே ஊரார் பல விதங்களில் ஒத்திருப்பதால், ஊர் ஊராகப் பிரிக்கும் ஆய்வுக்கு இன்னும் கூடுதலானோர் தேவை.

2006 முடிய, பரிசோதனைப் பிரிவில் 83 பேரும் மற்றதில் 92 பேரும் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்திருந்தனர். முதல் பிரிவில் ஆட்கள் அதிகம் என்பதை மறவாதிருங்கள். வயது முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-ல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது.

இதே ஆய்வைப் பத்தாயிரம் பேரோடு நடத்தியிருந்தால், ஏறக்குறைய இருபது மரணங்களே பதிவாகியிருக்கும். பலன் இருந்தும், "நிரூபணமாகவில்லை" என்று கோப்பை மூடியிருப்பார்கள். தேவைக்கு மேல் நீட்டினாலோ, பரிசோதனை பெறாத சகோதரிகள் வீணாகக் காத்திருப்பார்கள். ஆகையால் இந்தக் கணக்கு வெறும் எண் விளையாட்டல்ல. பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் நாம் செலுத்தும் மரியாதை. இனி ஓர் ஆய்வைப் பற்றிக் கேள்விப்படும்போது, "எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்பதோடு, "எத்தனை மரணங்களைக் கொண்டு முடிவு சொன்னார்கள்?" என்றும் கேளுங்கள்.